குளோன்ஃபின் பாலத்தில் சரணடைந்தவர்கள்

அயர்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள லாங்ஃபோர்டு மாவட்டத்தில், கிரானர்ட் என்ற சிறு நகரத்துக்கும் பாலினலி என்ற கிராமத்துக்கும் இடையிலான சாலையில் குளோன்ஃபின் என்றோர் இடம் இருக்கிறது. 1921ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, அங்கிருந்த சிறிய பாலத்தின் மீது பிரிட்டிஷ் துணைப்படையினரின் முதல் லாரி ஏறியபோது, சாலைக்கடியில் புதைத்து வைக்கப்பட்டிருந்த கண்ணிவெடி வெடித்தது. அன்றைய சண்டையில் துணைப்படையினர் நான்கு பேர் இறந்தார்கள்; எட்டுப் பேர் காயமடைந்தார்கள்; எஞ்சியவர்கள் ஆயுதங்களைக் கீழே போட்டுச் சரணடைந்தார்கள். அயர்லாந்து விடுதலைப் போரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவது வழக்கம். காலனிய எதிர்ப்புப் போர்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்துவரும் எனக்கு, இதைவிடப் பெரிய தாக்குதல்கள் எத்தனையோ இருக்கும்போதும் இந்தப் பாலமே மீண்டும் மீண்டும் மனத்தில் வந்து நிற்கிறது. துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகு அந்தச் சாலையில் நடந்ததுதான் அதற்குக் காரணம்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் கெரில்லாப் போர் என்றதும் நினைவுக்கு வரும் தெற்கத்திய மாவட்டங்களான கார்க், கெர்ரி ஆகியவற்றில் மலைகள் உண்டு; அடித்துவிட்டு மலையேறிவிட்டால் துரத்தி வருபவர்களின் லாரிகள் அடிவாரத்திலேயே நின்றுவிடும். லாங்ஃபோர்டில் அந்த வசதி கிடையாது. அது தாழ்ந்த மேடுகளும் சதுப்பு நிலங்களும் வேலிப் புதர்களும் சிற்றாறுகளும் நிறைந்த பூமி. தாக்கியவர்கள் கால்நடையாகத்தான் வயல்களுக்கும் கால்வாய்களுக்கும் குறுக்கே தப்பியோட வேண்டும். துரத்துகிறவர்களோ சாலை வழியாக வளைத்துக்கொண்டு வரலாம். இப்படிப்பட்ட சமவெளியில் வாகனத்தில் வரும் எதிரியை நிச்சயமாக ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கக்கூடியது பாலம்தான். பாலத்தின் மேல் வண்டி ஒதுங்க முடியாது, திரும்ப முடியாது. முன்னால் போகும் லாரி உடைந்து கிடந்தால் பின்னால் வருவதற்கும் வழியில்லை. அந்த ஆண்டின் வசந்த காலத்தில் நாடெங்கும் சிறு பாலங்களை உடைப்பதும் சாலைகளில் குறுக்குப் பள்ளம் வெட்டுவதும் விடுதலைப் படையினரின் அன்றாட வேலையாகிப் போனது, பேரரசின் பலம் அதன் சக்கரங்களில் இருந்தது என்பதை அவர்கள் புரிந்துகொண்டதன் விளைவே.

அந்தச் சக்கரங்களின் மேல் வந்தவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1918 டிசம்பர் தேர்தலில் அயர்லாந்துக்குரிய 105 இடங்களில் 73 இடங்களை வென்ற சின் ஃபெயின் கட்சி, லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போக மறுத்து, 1919 ஜனவரியில் டப்ளினில் தனக்கென ஒரு பேரவையைக் கூட்டிக் குடியரசை அறிவித்தது. காவல் நிலையங்கள் தாக்கப்பட்டு, உள்ளூர் ஐரிஷ் காவலர்கள் வேலையை விட்டு விலகத் தொடங்கியதும், அந்த இடத்தை நிரப்ப பிரிட்டனிலிருந்து ஆளெடுத்தார்கள். ‘பிளாக் அண்ட் டான்’ என்று பெயர்பெற்ற கூலிக் காவலர்கள் ஒருபுறம். 1920 ஜூலையில் உருவாக்கப்பட்ட ஆக்ஸிலியரி என்ற துணைப்படை மறுபுறம். துணைப்படையில் சேர்ந்தவர்கள் முதல் உலகப் போரில் அதிகாரிகளாக இருந்தவர்கள். நாளொன்றுக்கு ஒரு பவுண்டு சம்பளம். அவர்கள் கோழைகளுமல்லர், கற்றுக்குட்டிகளுமல்லர். 1920 டிசம்பரில் கார்க் நகரத்தின் மையப் பகுதியைக் கொளுத்தியதும் இவர்களே.

குளோன்ஃபினில் காத்திருந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஷான் மக்கோயின். கிரானர்டுக்கு அருகே பன்லாஹி என்ற ஊரில் 1893இல் பிறந்தவர்; தந்தை இறந்ததும் அவருடைய கொல்லுப்பட்டறையை ஏற்று நடத்தியவர். ‘பாலினலியின் கொல்லர்’ என்பதே கடைசிவரை அவருக்கு மக்கள் வைத்திருந்த பெயர். போர்க் கல்லூரி எதையும் பார்த்திராத ஓர் இளைஞரின் கீழ், உலகப் போரின் பதுங்கு குழிகளில் தேறிவந்த அதிகாரிகளை எதிர்த்து விவசாயக் குடும்பத்துப் பையன்கள் நின்றார்கள்.

அந்த வட்டாரம் பாலத் தாக்குதலுக்கு மூன்று மாதங்கள் முன்பிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. 1920 அக்டோபர் 31 அன்று கிரானர்டில் ஒரு விடுதியில் காவல் ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். (விடுதலைப் படையின் உளவுத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் பின்னாளில் மணம் பேசிக்கொண்ட கிட்டி கீர்னனின் குடும்பத்துக்குச் சொந்தமான விடுதி அது.) சில நாட்களில் படையினர் வந்து கிரானர்டின் கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். அடுத்து பாலினலியைக் கொளுத்த வந்தவர்களை மக்கோயினின் ஆட்கள் இரவில் எதிர்த்து நின்று விரட்டினார்கள். ஒரு கிராமத்தைப் பழிவாங்கலிலிருந்து காப்பாற்றிவிட்டார்கள் என்ற செய்தி நாடு முழுவதும் பரவியது. அதே வாரத்தில், நவம்பர் 2ஆம் தேதி, நம் நாட்டின் தக்‌ஷாய் சிறையில் ஜேம்ஸ் டேலி என்ற ஐரிஷ் சிப்பாய் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை இங்கே சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. லாங்ஃபோர்டின் பக்கத்து மாவட்டமான வெஸ்ட்மீத்தைச் சேர்ந்தவர் அவர். பிளாக் அண்ட் டான்கள் தங்கள் ஊர்களில் செய்யும் அட்டூழியத்தைக் கேள்விப்பட்டு, ஜலந்தரிலும் சோலனிலும் இருந்த, பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் படைப்பிரிவான கன்னாட் ரேஞ்சர்ஸைச் சேர்ந்தவர்கள் 1920 ஜூன் இறுதியில் கீழ்ப்படிய மறுத்தார்கள். அந்தக் கலகத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரே மனிதர் டேலி. அவருடைய உடல் 1970இல்தான் அயர்லாந்துக்குத் திரும்பியது. வீட்டில் எரிந்த கூரையின் செய்தி ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் பஞ்சாப் பாசறைக்கு வந்து சேர்ந்த காலம் அது. லாங்ஃபோர்டில் அந்தச் செய்தி எப்படி எரிந்திருக்கும் என்று ஊகிக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

1921 ஜனவரி முதல் வாரத்தில் இன்னொன்று நடந்தது. பாலினலிக்கு அருகே மக்கோயின் தங்கியிருந்த சிறு வீட்டைத் தேடி ஆய்வாளர் மெக்ராத் தலைமையில் காவலர்கள் வந்தார்கள். வீட்டுக்குள் பெண்கள் இருந்தார்கள். உள்ளேயிருந்து சுட்டால் திரும்பி வரும் குண்டுகள் அவர்கள் மேல் பாயும் என்பதால், மக்கோயின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து சுட்டார். மெக்ராத் இறந்தார், மக்கோயின் தப்பினார். பின்னர் தூக்குக் கயிறு அவர் கழுத்தை நெருங்கியது இந்தச் சாவுக்காகத்தான். பாலத்தில் நடந்ததற்காக அல்ல.

இனி பாலத்துக்கு வருகிறேன். மக்கோயினின் பறக்கும் படையில் அன்று இருந்தவர்கள் 21 பேர். சாலையைத் தோண்டி வெடியை வைத்து, மண்ணைப் பழையபடி மூடி, மின்கம்பியை மறைவிடம் வரை இழுத்து வைத்துவிட்டு, வேலிகளுக்குப் பின்னால் சிறு சிறு குழுக்களாகப் படுத்துக் காத்திருந்தார்கள். பிப்ரவரி மாதத்து ஐரிஷ் குளிரில் ஈரத் தரையில் கிடப்பதும், வரப்போவது எத்தனை லாரி என்று தெரியாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பதுமே இத்தகைய தாக்குதலின் பெரும்பகுதி. கண்ணிவெடிப் போரில் மிகக் கடினமான வேலை மின்விசையை அழுத்துபவனுடையது. ஒரு நொடி முந்தினால் லாரிக்கு முன்னால் மண்தான் பறக்கும். ஒரு நொடி பிந்தினால் லாரி கடந்து போயிருக்கும். இரண்டில் எது நடந்தாலும், தங்களைவிட நன்றாகச் சுடத் தெரிந்த, இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்த முன்னாள் அதிகாரிகளோடு நேருக்கு நேர் நிற்க வேண்டியதுதான்.

குளோன்ஃபினில் நேரம் தவறவில்லை. முதல் லாரி பாலத்தில் ஏறும்போது வெடி வெடித்தது. இரண்டாவது லாரியில் வந்தவர்கள் கீழே குதித்து, கிடைத்த மறைவில் பதுங்கித் திருப்பிச் சுட்டார்கள். சண்டை சட்டென்று முடியவில்லை. வெடியில் சிதறிய நிலையிலும் துணைப்படையினர் விட்டுக்கொடுக்காமல் போரிட்டார்கள் என்பதை எதிர்த்தரப்பே பதிவுசெய்திருக்கிறது. அவர்களுடைய தலைவர் காலில் குண்டு பட்டும் சுடுவதை நிறுத்தவில்லை. பிறகு இன்னொரு குண்டு அவரைக் கொன்றது. அவர் பெயர் பிரான்சிஸ் கிரேவன்.

கிரேவனைப் பற்றி அறிந்தபோது நான் படிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். 1918 அக்டோபர் 6 அன்று, முதல் உலகப் போர் முடிய ஒரு மாதமே இருந்தபோது, அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிவந்த ஓட்ரான்டோ என்ற கப்பல், ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்கு அருகே பெரும்புயலில் உடன் வந்த கப்பல் ஒன்றோடு மோதி மூழ்கத் தொடங்கியது. அந்தக் கடலில் படகு இறக்க முடியாது. மவுன்சி என்ற சிறிய நாசகாரிக் கப்பலின் தலைவராக இருந்த கிரேவன், தன் கப்பல் உடைந்துபோகும் என்ற எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல், அதை ஓட்ரான்டோவின் பக்கத்தில் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் ஒட்டினார். அலை தூக்கும்போதும் இறக்கும்போதும் கணக்குப் பார்த்து மனிதர்கள் மேல்தளத்திலிருந்து குதித்தார்கள். தவறியவர்கள் இரண்டு இரும்புச் சுவர்களுக்கும் நடுவே நசுங்கினார்கள். ஆனாலும் ஏறத்தாழ 600 பேரை அவர் கரைசேர்த்தார். அதற்காகப் பிரிட்டனும் அமெரிக்காவும் அவருக்குப் பதக்கங்கள் அளித்தன. அதே மனிதர் இரண்டரை ஆண்டுகள்கூட முடியாத நிலையில், ஒரு பவுண்டு சம்பளத்துக்கு, தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு நாட்டை அடக்கிவைக்க வந்து, ஊர்பேர் தெரியாத பாலத்தருகே விழுந்து கிடந்தார். 600 உயிர்களைக் காப்பாற்றிய வீரத்தை எடுத்து வந்து கிரானர்ட் சாலையில் ரோந்து சுற்ற விட்டது பேரரசு. விடுதலை கேட்ட மக்களை ஒடுக்கியது ஒரு குற்றம் என்றால், கிரேவன் போன்றவர்களை அந்த வேலைக்குச் செலவழித்தது அதே குற்றத்தின் இன்னொரு பகுதி என்று நான் கருதுகிறேன்.

தலைவர் இறந்ததும் எஞ்சியவர்கள் சரணடைந்தார்கள். விடுதலைப் படையில் ஒருவரும் இறக்கவில்லை. இப்போது அந்தச் சாலையில் யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். தங்கள் ஊர்களுக்குத் தீ வைத்த படையைச் சேர்ந்தவர்கள் கையில் ஆயுதமில்லாமல் நிற்கிறார்கள்; சுற்றி வளைத்திருப்பவர்களுக்குச் சிறை கிடையாது, கைதிகளை வைத்திருக்க இடம் கிடையாது. வெடிச்சத்தம் எட்டியிருக்கக்கூடிய தொலைவில் எதிரியின் முகாம்கள் இருக்கின்றன. உதவிப்படை எந்த நிமிடமும் வரலாம். வளைத்து நின்றவர்களில் சிலருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மக்கோயின் தன் ஆட்களைத் தடுத்தார். நன்றாகப் போரிட்டதாகச் சொல்லிச் சரணடைந்தவர்களைப் பாராட்டினார். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். காயக்காரர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஒரு லாரியை அவர்களிடமே விட்டுவைத்தார். கெரில்லாப் படைக்கு நேரத்தைவிட விலையுயர்ந்த பொருள் இல்லை. அந்த நேரத்தை எதிரியின் காயங்களுக்குச் செலவிட்டார்கள். அதற்கான விலையை அப்போதே கொடுக்கவும் நேர்ந்தது. லாரிகளில் உதவிப்படை வந்து சேர்ந்தபோது மக்கோயினின் ஆட்கள் இன்னும் தொலைவு போயிருக்கவில்லை. சுட்டுக்கொண்டேதான் வயல்களைத் தாண்டித் தப்பினார்கள்.

அவர்கள் எடுத்துச் சென்றவை 18 ரைபிள்கள், கைத்துப்பாக்கிகள், ஒரு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி. ஆளுக்கொரு ரைபிளும் இல்லாமல், இருப்பதற்கும் குண்டுகளை எண்ணி எண்ணிக் கொடுத்த படைக்கு அது புதையல்.

இதைக் கில்மைக்கேல் தாக்குதலோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. இரண்டு மாதங்களுக்கு முன், 1920 நவம்பர் 28 அன்று, கார்க் மாவட்டத்தில் விடுதலைப் படைத் தளபதி டாம் பாரியின் ஆட்கள் இதே துணைப்படையின் இரண்டு லாரிகளைத் தாக்கினார்கள். துணைப்படையினர் 17 பேர் இறந்தார்கள். ஒருவரும் கைதியாக விடப்படவில்லை. சரணடைவதாக நடித்துவிட்டு மறுபடி சுட்டு எங்கள் ஆட்களைக் கொன்றார்கள், அதனால்தான் முடித்துவிட்டோம் என்பது பாரியின் விளக்கம். அது உண்மையா என்று அயர்லாந்தில் இன்றும் அறிஞர்கள் கசப்போடு வாதிட்டுக்கொள்கிறார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. கில்மைக்கேல் அயர்லாந்தின் பாட்டிலும் பேச்சிலும் நிலைத்துவிட்டது. வெல்லவே முடியாது என்று கருதப்பட்ட படையை வெல்ல முடியும் என்று அது காட்டியது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் புகழுக்கு முன்னால் குளோன்ஃபின் ஏன் இவ்வளவு மங்கிப்போனது என்று கேட்டால், நாம் தாக்குதல்களைப் பிணங்களின் எண்ணிக்கையால் அளக்கப் பழகியிருக்கிறோம் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. போர்த் தொழில் என்ற கண்ணோட்டத்தில் பார்த்தாலும் குளோன்ஃபின் எள்ளளவும் குறைந்ததன்று. தம் தரப்பில் ஓர் உயிர்ச்சேதமும் இல்லாமல், சமவெளியில், இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்த அனுபவசாலிகளைப் பணியவைத்த தாக்குதல் அது.

மக்கோயின் காட்டிய இரக்கம் அந்த வட்டாரத்து மக்களைக் காப்பாற்றிவிடவில்லை. படையினர் வந்து சுற்றுப்புற வீடுகளைக் கொளுத்தினார்கள். முதிய விவசாயி ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். தாக்குதல் நடத்துகிறவர்கள் ஓடிவிடுகிறார்கள், பாலத்தருகே வீடு இருப்பவன் ஓட முடியாது என்ற கொடுமை, கெரில்லாப் போர் நடந்த எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. குளோன்ஃபினைப் பெருமையாகச் சொல்கிற எவரும் அந்த முதியவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு மாதம் கழித்து, மார்ச் தொடக்கத்தில், மக்கோயின் பிடிபட்டார். லண்டனில் பிரிட்டிஷ் அமைச்சர்களைச் சுட்டுக் கொல்லும் திட்டம் ஒன்றுக்காகக் குடியரசுப் பேரவையின் பாதுகாப்பு அமைச்சர் கதல் புருகா அவரை டப்ளினுக்கு அழைத்திருந்தார். அந்தத் திட்டத்தில் சிறிதும் நம்பிக்கை இல்லாத காலின்ஸ், ஊருக்குப் போய் உன் வேலையைப் பார் என்று திருப்பி அனுப்பினார். திரும்பும் வழியில் மல்லிங்கர் ரயில் நிலையத்தில் மக்கோயின் கைதானார். தப்பியோட முயன்றபோது குண்டுபட்டுப் படுகாயமடைந்தார். அவரை விடுவிக்க காலின்ஸ் படாதபாடு பட்டார். மே 14 அன்று, கைப்பற்றிய கவச வாகனம் ஒன்றில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் உடையணிந்து காலின்ஸின் ஆட்களான எம்மெட் டால்டனும் ஜோ லெனார்டும் டப்ளினின் மவுண்ட்ஜாய் சிறைக்குள்ளேயே நுழைந்து, கைதியை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று கேட்கும் அளவுக்குப் போனார்கள். கடைசி நேரத்தில் குட்டு வெளிப்பட்டு, வெறுங்கையோடு சுட்டுக்கொண்டே வெளியேற வேண்டியதாயிற்று. அதே மாதத்தில் நடந்த தேர்தலில், சிறையில் இருந்தபடியே மக்கோயின் பேரவைக்கு உறுப்பினரானார்.

ஜூன் மாதம் ராணுவ நீதிமன்றத்தில் மெக்ராத் கொலை வழக்கு நடந்தது. அந்த வழக்கில் கைதிக்கு ஆதரவாகச் சாட்சி சொல்ல வந்தவர்கள் மூன்று பேர்: குளோன்ஃபின் பாலத்தில் அவரிடம் சரணடைந்த துணைப்படையினர். தங்கள் தலைவனும் தோழர்களும் இவருடைய ஆட்களின் குண்டுக்கு இரையாகி நான்கு மாதங்கள் முடிந்த நிலையில், தங்கள் சொந்த அரசு தூக்கிலிட விரும்பிய மனிதர் சரணடைந்தவர்களைக் கண்ணியமாக நடத்தினார் என்று, அந்த அரசின் நீதிமன்றத்திலேயே எழுந்து நின்று சொன்னார்கள். அயர்லாந்துப் போரின் ஆவணங்களில் இதற்கு இணையான இன்னொரு காட்சியை நான் கண்டதில்லை. நீதிமன்றம் அசையவில்லை, மரண தண்டனை விதித்தது.

ஜூலை 11 அன்று போர்நிறுத்தம் வந்ததால் தூக்கு தள்ளிப்போனது. ஆகஸ்டில் பேரவை கூடுவதற்காகச் சிறையிலிருந்த உறுப்பினர்களை விடுவிக்க முன்வந்த பிரிட்டிஷ் அரசு, மக்கோயினை மட்டும் விட மறுத்தது. அவர் இல்லாமல் பேச்சுவார்த்தையே இல்லை என்று ஐரிஷ் தலைவர்கள் உறுதியாக நின்றதும், ஆகஸ்ட் 8 அன்று சிறைக்கதவு திறந்தது. ஆகஸ்ட் இறுதியில் சின் ஃபெயின் தலைவர் டி வலேராவைக் குடியரசின் தலைவராக முன்மொழிந்தவரும், டிசம்பரில் டி வலேரா எதிர்த்த, பிரிட்டனுடனான உடன்படிக்கையைப் பேரவையில் வழிமொழிந்தவரும் இதே கொல்லர்தான். பின்னர் நீதித்துறை அமைச்சராகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார், குடியரசுத் தலைவர் பதவிக்கு இரண்டு முறை போட்டியிட்டுத் தோற்றார், 1973இல் காலமானார்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் இடையே 1922 இருக்கிறது. உடன்படிக்கையை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது, மக்கோயின் புதிய அரசின் ராணுவத்தில் மேற்குப் பகுதிக்குத் தளபதி. செப்டம்பர் மாதம் ஸ்லைகோ மாவட்டத்தில் அவருடைய படை நடத்திய தேடுதலின்போது, பென் பல்பென் மலைச்சரிவில் எதிரணியைச் சேர்ந்த ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். சண்டையில் இறந்தார்கள் என்றது அரசுத் தரப்பு; சரணடைந்த பிறகு சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்றே அந்த மாவட்டத்து மக்கள் அன்று முதல் சொல்லிவருகிறார்கள். ஆறு பேரில் ஒருவரான பிரையன் மக்னீல், அதே அரசில் அமைச்சராக இருந்த ஓயின் மக்னீலின் மகன். சரிவில் மக்கோயின் நேரில் நின்று உத்தரவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது அவருடைய படை, அவருடைய பொறுப்பு. குளோன்ஃபினில் தன் ஆட்களின் ஆத்திரத்தைத் தடுத்து நிறுத்திய அதே குரல் அந்த மலையில் ஒலிக்கவில்லை. அந்நியன் சரணடைந்தபோது கிடைத்தது, நேற்றுவரை தோளோடு தோள் நின்றவன் பிடிபட்டபோது கிடைக்கவில்லை.

ஆகவே குளோன்ஃபினை ஒரு மகானின் வாழ்க்கைச் சம்பவமாக என்னால் எழுத முடியாது. அன்று பிற்பகல் அந்தப் பாலத்தருகே, எது செய்தாலும் தட்டிக்கேட்க ஆளில்லாத நிலையில், 21 பேர் சரியான ஒன்றைச் செய்தார்கள். அது சரிதான் என்று எதிரிகளில் மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். பென் பல்பென்னில் இறந்த ஆறு பேருக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.